கொரோனாக் காலத்துப் பழக்கங்களில் எவை நிலைத்தன, ஏன் நிலைத்தன?

"பெருந்தொற்றுக் காலத்தைக் கடந்து வந்ததில் நீங்கள் சொந்தமாகக் கற்றுக்கொண்டது என்ன? உங்கள் அன்றாட வாழ்க்கையில் எது நிரந்தரமாக மாறியது?" என்பதுதான் கேள்வி. நான் மதுரை செல்லூரில் 27 ஆண்டுகளாக மருந்துக் கடை நடத்தி வருகிறேன். தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் மாலையிலேயே அடங்கிக் கிடந்த ஊரடங்கு நாட்களிலும் மருந்துக் கடைகளுக்கு விடுப்பு கிடையாது என்பதால், அந்தக் காலம் முழுவதையும் கல்லாவுக்குப் பின்னால் நின்றே பார்த்தேன். எங்கள் தெருவினர் எதற்குப் பயந்தார்கள், எதை வாங்கினார்கள், எதை ஆறே மாதத்தில் மறந்தார்கள் என்பதெல்லாம் என் விற்பனைப் புத்தகத்திலேயே பதிவாகி இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

பயத்தினால் மட்டும் பிடித்துக்கொண்ட பழக்கங்கள் பயம் போனதும் போய்விட்டன. "இதை ஏன் செய்கிறோம்" என்று காரணம் புரிந்து செய்தவைதான் எங்கள் வீட்டில் இன்றும் இருக்கின்றன. 2020 மார்ச்சில் முகக்கவசமும் கிருமிநாசினியும் கிடைக்காமல் அலைமோதியதால், மத்திய அரசு அவற்றை அத்தியாவசியப் பொருட்களின் பட்டியலில் சேர்த்து, 200 மில்லி கிருமிநாசினி 100 ரூபாய்க்கு மேல், மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. அந்த நாட்களில் பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவினோம், காய்கறியை மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் ஊறவைத்தோம், ரூபாய் நோட்டை வெயிலில் காயவைத்தோம். சில ஊர்களில் மனிதர்கள் மீதே மருந்தைத் தெளிக்கும் சுரங்கங்களைக்கூட அமைத்து, அது தோலுக்கும் கண்ணுக்கும் கெடுதல் என்று தெரிந்த பிறகு எடுத்தார்கள். இவற்றில் எதுவும் இன்று இல்லை. ஆனால் கடையிலிருந்து வந்ததும் வாசல் குழாயில் கைகால் கழுவிவிட்டு உள்ளே நுழைவது மட்டும் நிலைத்துவிட்டது. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது என்பதும், சோப்பு நுரை 20 நொடி படிந்திருந்தால் அந்த உறை உடைந்து வைரஸ் செயலிழக்கிறது என்பதும் என் பிள்ளைகளுக்கு மனத்தில் பதிந்துவிட்டதால், யாரும் நினைவூட்ட வேண்டிய தேவை இல்லாமல் அந்தப் பழக்கம் தொடர்கிறது.

காற்றைப் பற்றித் தெரிந்துகொண்டதுதான் எங்கள் வீட்டையே மாற்றியது. முதல் ஆண்டு முழுவதும் பொருட்களைத் துடைப்பதிலேயே எங்கள் கவனம் போயிற்று. மூடிய அறையில் மிதக்கும் காற்றைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை. 2021 மே மாதத்தில், இரண்டாம் அலையின் உச்சத்தில், மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் ஓர் அறிவுரையை வெளியிட்டது. நோயாளியின் வாயிலிருந்து வரும் பெரிய துளிகள் 2 மீட்டருக்குள் விழுந்துவிடும் என்றும், நுண்துளிகள் காற்றில் 10 மீட்டர் வரை செல்லக்கூடும் என்றும், எனவே கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துக் காற்றோட்டத்தை உண்டாக்குவது முக்கியம் என்றும் அது சொன்னது. அதைப் படித்த இரவில் எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். நாங்கள் இருப்பது பழைய வளவு வீடு. கூடத்தின் கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது. அதை மறைத்தபடி என் திருமணத்துக்கு வாங்கிய பீரோ நின்றிருந்தது. மறுநாள் நானும் மகனும் பீரோவை நகர்த்தியபோது, ஜன்னலின் கொக்கி துருவேறித் திறக்க முடியாமல் இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெதுவாகத் தட்டித் திறந்ததும், எதிரே இருக்கும் வாசல் வழியாகக் காற்று நேராக ஓடியது. நாட்காட்டித் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டதைப் பார்த்து அம்மா எழுந்து வந்து நின்றார்.

செல்லூர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்தி வைப்பதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது: பந்தல்குடிக் கால்வாயின் கொசு. ஆகவே ஜன்னலைத் திற என்று சொன்னால் மட்டும் போதாது. கொசுவலைச் சட்டம் அடிக்க வேண்டும். நாங்கள் அடித்தோம். குளிர்சாதனம் வைத்த படுக்கையறையில் நால்வரும் கதவை அடைத்துக்கொண்டு படுக்கும் வழக்கத்தையும் நிறுத்தினோம். யாருக்காவது சளி, காய்ச்சல் என்றால் அவர் ஜன்னலோரத்தில் படுக்க, மற்றவர்கள் கூடத்துக்கு வந்துவிடுவோம். பிறகு வந்த சாதாரணக் காய்ச்சல்கள்கூட முன்போல வரிசையாக எல்லோரையும் பிடிக்கவில்லை என்பது என் அனுபவம்.

முகக்கவசத்தை நான் எப்போதும் அணிவதில்லை. எனக்குச் சளி பிடித்திருக்கும்போதும், கடையில் இருமும் வாடிக்கையாளர் வரும்போதும், மருத்துவமனைக்குப் போகும்போதும் தவறாமல் அணிகிறேன். நோயாளி அணிந்தால் மற்றவர்களுக்கு அதிகப் பாதுகாப்பு என்பதால், இருமிக்கொண்டு வருபவர்களுக்கு நானே ஒன்றை எடுத்துக் கொடுக்கிறேன், காசு வாங்குவதில்லை.

தனிமைப்படுத்துதல் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நம் ஊரில் அது புதிதல்ல. என் சிறுவயதில் அம்மை பார்த்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அதைக் கண்டால் வெளியார் உள்ளே போகமாட்டார்கள். அந்த வீட்டினரும் வெளியே புழங்கமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை பக்கத்து வீட்டுப் பெண்கள் இளநீரும் மோரும் வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். நோய் பரவாமல் தடுக்கும் வேலையை அந்த ஒரு கொத்து வேப்பிலை செய்தது. அதே சமயம், அந்த வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள் என்ற மரியாதையையும் அது காப்பாற்றியது. 2020-இல் எங்கள் பகுதியில் நோய் கண்ட வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். நோக்கம் ஒன்றுதான், ஆனால் தகரத்தைக் கண்ட தெருவின் பார்வை வேறாக இருந்தது. தகரத்துக்குப் பயந்து காய்ச்சலை மறைத்தவர்களை நான் கடையிலேயே கண்டேன். தனக்கான மாத்திரையை "ஊரில் இருக்கும் மாமியாருக்கு" என்று சொல்லி வாங்கியவர்கள் உண்டு. நோயாளியை அவமானப்படுத்தும் எந்த ஏற்பாடும் நோயை ஒளித்து வைக்கவே உதவும் என்பதை அப்போது கண்ணால் பார்த்தேன். இப்போது எங்கள் வளவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவர்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள்; சாப்பாட்டைத் தூக்குவாளியில் போட்டு வாசலில் வைத்துவிட்டு, கைப்பேசியில் கூப்பிட்டுச் சொல்கிறோம். பிள்ளைகளும் அதைப் பழகிவிட்டார்கள்.

இனி, என்னை மிகவும் மாற்றிய பாடத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அதிகாலையில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. இறந்தவருக்கு நாள்பட்ட நுரையீரல் நோயும், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும், இரத்த அழுத்தமும் இருந்ததாக அன்றைய சுகாதார அமைச்சர் தெரிவித்தார். "கட்டுப்பாட்டில் இல்லாத" என்ற சொல்லின் கனம் அன்று எனக்கு உறைக்கவில்லை. 14 மாதங்கள் கழித்து என் அக்காவின் கணவர் வழியாகத்தான் உறைத்தது.

ஆனையூரில் இருந்த அவரை நான் மாமா என்று அழைப்பேன். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. "இறங்கிவிட்டது" என்று சொல்லி மாத்திரையை நிறுத்துவார். கால் எரிச்சல் கண்டால் மீண்டும் போடுவார். நான் மருந்து விற்பவன், அவர் என் அக்கா வீட்டுக்காரர். இருந்தும் அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) எவ்வளவு என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. 2021 மே மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஏழாம் நாள் நான் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொண்டு போனபோது கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் செய்யல மாப்ள, நீ கடையைப் பாரு" என்றார். விரலில் மாட்டினேன், 94-க்குக் கீழே இறங்கக் கூடாத ஆக்சிஜன் அளவு 86 காட்டியது. வேறு விரலில் மாட்டினேன், 85. மூச்சுத் திணறலே தெரியாமல் உடம்பில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போவது இந்த நோயின் கொடுமையான குணம் என்று படித்திருந்தேன். அன்று நேரில் கண்டேன். படுக்கை கிடைக்க மாலையாகிவிட்டது. மருத்துவமனையில் பார்த்தபோது மூன்று மாதச் சராசரி 11-ஐத் தாண்டியிருந்தது; சர்க்கரை உள்ளவர்கள் அதை 7-ஐ ஒட்டி வைத்திருக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்த்த ஒன்பதாம் நாள் மாமா இறந்தார். அந்தச் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் ஏறியிருந்தது. அதைக் குறைக்கக் கிடைத்ததோ ஒன்பது நாட்கள்.

அந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினேன். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் எல்லோரும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு இரத்த அழுத்தம் பார்த்து எழுதுகிறோம். சர்க்கரை உள்ள அம்மாவுக்கும் எனக்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சராசரியும் அதே பக்கத்தில் ஏறுகின்றன. ஆம், எனக்கும் சர்க்கரை இருக்கிறது. நோட்டு போட்டதால்தான் தெரியவந்தது. முதல் மூன்று மாதச் சராசரி 8.1. ஊரடங்கில் மொட்டை மாடியில் தொடங்கிய நடையை விடாமல், இப்போது தினமும் காலையில் 40 நிமிடம் வைகைக் கரைப் பக்கம் நடக்கிறேன். இரவுப் பரோட்டாவை நிறுத்தியது நடையைவிடக் கடினமாக இருந்தது. மதுரையில் இரவு பத்து மணிக்குக் கல்லில் கொத்தும் சத்தத்தைக் கேட்டபடி கடையடைத்துவிட்டு வருபவனுக்குத்தான் அது புரியும். கடைசியாகப் பார்த்த அளவு 6.6. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் விளிம்பில் இருப்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். கடைக்காரன் என்ற முறையில் எனக்கு விற்பனை குறைந்தாலும், வாடிக்கையாளர்களிடம் அதைச் சொல்லி அனுப்புவதை என் கடமையாக வைத்திருக்கிறேன்.

கருவி வைத்திருப்பது வேறு, அதைப் படிக்கத் தெரிவது வேறு. ஒருநாள் நெசவு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் கடைக்கு ஓடி வந்து, "தம்பி, 90 காட்டுது, என்னைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு" என்று நடுங்கினார். மழையில் நனைந்து வந்த அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. தறியில் தேய்ந்து நுனி காய்த்திருந்தது. இரண்டு கைகளையும் சூடு பறக்கத் தேய்க்கச் சொல்லி, உட்காரவைத்து, நடுவிரலில் மாட்டி ஒரு நிமிடம் காத்திருந்தேன். எண் மெதுவாக ஏறி 97-இல் நின்றது. குளிர்ந்த விரல், மருதாணி, நகப்பூச்சு, கை அசைவு ஆகிய நான்கும் அளவைக் குழப்பிவிடும். உண்மையாகவே 94-க்குக் கீழே இறங்கினாலோ, உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்து ஆறு நிமிடம் நடந்த பின் அப்படி இறங்கினாலோ, தாமதிக்காமல் கிளம்ப வேண்டும். வண்டி வரும் வரை குப்புறப் படுத்திருந்தால் நுரையீரலின் முதுகுப்புறப் பகுதி நன்றாக விரிந்து ஆக்சிஜன் ஓரளவு ஏறும். இது நுரையீரலைத் தாக்கும் மற்ற காய்ச்சல்களிலும் உதவும் அறிவு என்பதால் எழுதுகிறேன்.

என் தொழிலில் நான் செய்துகொண்ட மாற்றத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் அலையில் வாட்ஸ்அப்பில் ஒரு மருந்துச் சீட்டு சுற்றியது. யாரோ ஒரு நோயாளிக்கு எழுதியதை நகலெடுத்து, காய்ச்சல் கண்ட முதல் நாளே அதிலிருந்த ஸ்டீராய்டைக் கேட்டு வந்தார்கள். டெக்ஸாமெத்தசோன், ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு நிறுவியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. முதல் பாதி மட்டும் ஊரெல்லாம் பரவியது. தேவையில்லாமல் எடுத்த ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தும், சர்க்கரையை ஏற்றும். கருப்புப் பூஞ்சை நோய் அந்த ஆண்டு அவ்வளவு பேரைப் பிடித்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். ஸ்டீராய்டை நான் மறுத்தேன். ஆனால் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் அதற்கு முன்பு பல ஆண்டுகள் கொடுத்திருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வைரஸ் காய்ச்சலுக்கு அது வேலை செய்யாது. பின்னாளில் உண்மையாகவே தேவைப்படும்போது கேட்காமல் போகவும் கூடும். 2021-க்குப் பிறகு சீட்டில்லாமல் ஓர் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகூட நான் கொடுத்ததில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்கள் உண்டு. போகட்டும்.

கபசுரக் குடிநீரை நானும் குடித்தேன். உடம்பு வலிக்கும் தொண்டைக்கும் இதமாக இருந்தது. மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவதற்கு அது காரணமாகாத வரை எனக்கு மறுப்பில்லை.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, 2021 சனவரி 16 அன்று தமிழ்நாட்டில் அந்தப் பணியை அன்றைய முதலமைச்சர் தொடங்கி வைத்தது எங்கள் இராசாசி மருத்துவமனையில்தான். தடுப்பூசி குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்று அதுவரை நினைத்திருந்த எங்கள் வீட்டில், இப்போது 74 வயது அம்மாவுக்கு மருத்துவரின் ஆலோசனைப்படி ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுகிறோம்.

மனம் சம்பந்தப்பட்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கேதம் கேட்கப் போவது, அதாவது துக்கம் விசாரிக்கப் போவது, என்பது கடனுக்குச் செய்கிற சடங்கு அல்ல. வாசலில் பெஞ்சு போட்டு, வந்தவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதே துக்க வீட்டுக்குத் தெம்பு. மாமாவைத் தத்தனேரியில் எரியூட்டியபோது நாங்கள் நான்கு பேர் தள்ளி நின்றோம். அக்கா வீட்டு வாசலில் பெஞ்சு போடவில்லை. பதினாறு நாளும் யாரும் வரவில்லை. கைப்பேசி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது, அக்கா அதை எடுக்கவே இல்லை. அதற்கு முன்பெல்லாம் "கடையை விட்டு வர முடியவில்லை" என்று சொல்லிப் பல கேதங்களுக்கு நான் போகாமல் இருந்திருக்கிறேன். இப்போது போகாமல் இருப்பதில்லை. மேலூரானாலும் உசிலம்பட்டியானாலும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். 2020-இலும் 2021-இலும் அழகர் மக்கள் சூழ ஆற்றில் இறங்காத சித்திரையைப் பார்த்த பிறகு, கூட்டமாகக் கூடுவதன் அருமையும் ஆபத்தும் இரண்டுமே இந்த ஊருக்குத் தெரிந்துவிட்டன. சளி காய்ச்சல் இருக்கும்போது மட்டும் நான் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை.

வீட்டு வேலையில் எங்களுக்கு வந்த மாற்றம் சிறியது, ஆனால் நிலைத்தது. 2020 ஜூன் 24-இல் மதுரையில் தொடங்கிய முழு ஊரடங்கு ஜூலை நடுப்பகுதி வரை நீண்டது. அந்த வாரங்களில் ஐந்து பேருக்கு மூன்று வேளையும் சமைத்துக் களைத்து, அடுப்படியில் தலைசாய்த்து உட்கார்ந்திருந்த என் மனைவியை ஒரு பிற்பகலில் பார்த்தேன். அன்று முதல் காலைச் சமையல் என்னுடையது, இரவுப் பாத்திரம் மகனுடையது. பணத்திலும் ஒரு மாற்றம்: மூன்று மாத வீட்டுச் செலவுக்கான தொகையைச் சீட்டிலும் நகையிலும் போடாமல் வங்கியில் தனியாக வைத்திருக்கிறோம். தினவட்டிக்கு வாங்கி மருந்து வாங்க வந்தவர்களைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது.

நீங்கள் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஒரு வெப்பமானி, ஆக்சிமீட்டர், மேற்கையில் கட்டும் இரத்த அழுத்தக் கருவி, ஒரு நோட்டு ஆகியவற்றை ஒரே டப்பாவில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே எல்லோருடைய அளவையும் எழுதிவிடுங்கள். நோய் வந்த நாளில் ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவருக்கு அதுதான் உதவும். கருவிகளுக்குள் பேட்டரியைப் போட்டபடியே நீண்ட நாள் விட்டால் அது கசிந்து கருவியை அரித்துவிடக்கூடும். தனியே கழற்றி, சிறு உறையில் போட்டு, அதே டப்பாவில் வையுங்கள்.